லா பாஸ் படகுப் பயணங்கள்: எந்த மாதம், எந்தப் படகு, எந்தக் காற்று

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா சுர் மாநிலத் தலைநகர் லா பாஸ். அங்கிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய கடல் பயணங்கள் போல அந்தக் கடற்கரையில் வேறெங்கும் ஒன்றாக அமையவில்லை. எஸ்பிரிடு சாண்டோ தீவு, லோஸ் இஸ்லோடெஸ் பாறைகளில் கடல் சிங்கங்கள், ஊரை ஒட்டிய விரிகுடாவிலேயே திமிங்கலச் சுறா, பலாந்த்ரா கடற்கரையின் இடுப்பளவு நீர் எல்லாம் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சேவையின் தரமும் பொதுவாக நன்று. ஆனாலும் பலர் பாதி ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் காற்றுதான். நாட்காட்டியைப் பார்த்து முன்பதிவு செய்கிறார்கள். அந்தக் கடலில் எதை என்றைக்குச் செய்யலாம் என்பதைக் காற்று முடிவு செய்கிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே வாடைக்காற்று. உள்ளூரில் 'நோர்தே' என்பார்கள். ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் மணிக்கு 20, 25 நாட் (கடல் மைல்) வேகத்தில் அடிக்கும். கலிபோர்னியா வளைகுடா நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் வடக்கிலிருந்து தடையில்லாமல் ஓடிவரும் காற்று, உயரம் குறைவாக இருந்தாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் அலையை எழுப்பும். சிறிய படகுக்கு இந்த நெருக்கமான அலைதான் பெரிய அலையைவிடக் கஷ்டம். காற்று கூடினால் துறைமுக கேப்டன் அலுவலகம் சிறு படகுகளுக்குத் துறைமுகத்தை மூடிவிடும். அன்றைக்கு எந்த கம்பெனியும் கிளம்ப முடியாது, கிளம்பக் கூடாது. வசந்தத்தின் கடைசியிலிருந்து கோடை முழுக்க இன்னொரு காற்று: கொரோமுவெல். பசிபிக் பக்கத்துக் குளிர்ந்த காற்று தாழ்வான நிலப்பகுதியைக் கடந்து, மாலையில் தெற்கு, தென்மேற்கிலிருந்து லா பாஸ் மேல் இறங்கி விடியும்வரை அடிக்கும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது வரம். தீவின் மேற்குக் குடாக்களில் நங்கூரமிட்டுத் தூங்க நினைப்பவர்களுக்கோ, இரவெல்லாம் உருளும் படகு.

ஆகவே மாதத் தேர்வு. எல்லாவற்றையும் எடைபோட்டால் அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் சிறந்த காலம். நீரில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும், தெளிவும் நன்றாக இருக்கும், கடல் சிங்கங்களோடு நீந்தத் தடை இல்லை, திமிங்கலச் சுறா சீசன் தொடங்கும் நேரம், வாடை இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. சாம்பல் திமிங்கலம் மட்டும் அப்போது கிடைக்காது. அது வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. ஆனால் அப்போது நீர் 20 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) தேவை, காற்றுக்காக உபரி நாட்களும் தேவை. மே மாதம் அமைதியான கடல். லா வென்டானா என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் கொம்புத் திருக்கைகள் கூட்டமாகத் துள்ளுவதைப் பார்க்கலாம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கடல் சிங்கங்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் லோஸ் இஸ்லோடெஸில் தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. படகிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகஸ்ட், செப்டம்பரைப் பரிந்துரைக்க முடியாது. வெயில் கொடுமை ஒருபுறம், புயல் மறுபுறம். 2014 செப்டம்பரில் ஒடீல் புயல் அந்தத் தீபகற்பத்தின் தென்முனையைச் சிதைத்தது.

இனி படகு. எஸ்பிரிடு சாண்டோவுக்குப் பெரும்பாலான ஒருநாள் பயணங்கள் 'பாங்கா' எனப்படும் திறந்த ஃபைபர் போட்டில்தான். 22 முதல் 26 அடி நீளம், பின்னால் அவுட்போர்டு எஞ்சின், மேலே துணிக்கூரை, எட்டுப் பத்துப் பேர். வசதி குறைவுதான். ஆனால் ஆழமில்லாத குடாவுக்குள் நுழையவும், பாறை ஓரம் நிற்கவும், காற்று மாறினால் சட்டென்று திரும்பவும் இதைவிடப் பொருத்தமான படகு இல்லை. பெரிய இரட்டை உடல் படகுகளில் கழிப்பறையும் நிழலும் உண்டு. சிறு குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் அதுவே சரி. ஆனால் அவற்றின் வேகம் குறைவு. தீவின் வடமுனையைத் தாண்டியிருக்கும் லோஸ் இஸ்லோடெஸ் லா பாஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஒரே நாளில் அங்கு நிதானமாக நேரம் செலவிட பாங்காவே வழி.

எங்கிருந்து ஏறுவது என்பதும் முக்கியம். ஊரின் மலெகோன் கடற்கரைச் சாலையிலிருந்து ஏறினால் வசதி. ஆனால் நீண்ட கால்வாயையும் திறந்த விரிகுடாவையும் கடக்க வேண்டும். சாலை வழியாக அரை மணி நேரம் போய் டெகோலோடே கடற்கரையில் ஏறினால் கடல் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எதிரே சான் லொரென்சோ நீரிணை, அதைத் தாண்டினால் தீவு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டெகோலோடேதான் நல்லது. அங்கே கார்டு எல்லா இடத்திலும் செல்லாது. பெசோவாகக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தேசியப் பூங்காவின் கைப்பட்டைக் கட்டணம் விலையில் சேர்த்தியா? (தீவும் சுற்றியுள்ள கடலும் மெக்சிகோ அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான கோனான்ப் நிர்வாகத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதி, ஆளுக்கு, நாளுக்கு என்று கட்டணம், தொகை மாறிக்கொண்டே இருக்கும்.) வெட்சூட் உண்டா, அல்லது வெறும் லைஃப் ஜாக்கெட்டும் ஸ்நார்க்கலும் (மூச்சுக்குழல்) மட்டுமா? படகில் வழிகாட்டி தனியாக இருக்கிறாரா, அல்லது படகோட்டியே எல்லாமுமா? லோஸ் இஸ்லோடெஸில் பயணிகள் நீரில் இருக்கும்போது எஞ்சின் பக்கம் ஒருவர், தண்ணீரில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒரே ஆள் என்றால் வேறு படகு பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: துறைமுகம் மூடினால் முழுப் பணமும் திரும்புமா? துறைமுகம் திறந்திருந்து, காற்றால் லோஸ் இஸ்லோடெஸை மட்டும் விட்டுவிட்டு, தீவின் சான் கேப்ரியல் குடாவோடு திரும்பினால் என்ன கணக்கு? சண்டை பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் வருகிறது. 'தீவு டூர்' என்று மட்டும் ரசீதில் இருந்தால் கம்பெனி தன் கடமையைச் செய்ததாகவே ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

காலை எட்டு மணிப் படகே சரி. பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். திரும்பும் வழிதான் உடம்பை உலுக்கும். உட்காரும் இடம் பின்பக்கம், எஞ்சினுக்கு அருகே. முன்பக்கம் படத்துக்கு அழகு. ஆனால் ஒவ்வொரு அலையிலும் மூக்கு தூக்கித் தரையில் அறைவது போல விழும். முதுகு வலி உள்ளவர்கள் அங்கே உட்காரவே கூடாது. நல்ல படகோட்டியைக் கண்டுபிடிப்பது எளிது: அலை முகட்டில் ஏறும்போது எஞ்சினைத் தணிப்பார், இறங்கும்போது மெல்லக் கூட்டுவார், நேரே மோதாமல் சாய்வாக வெட்டிப் போவார். கை எஞ்சின் பிடியை விட்டு நகராது. டிராமமைன் மாதிரி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

லோஸ் இஸ்லோடெஸில் கடல் சிங்கக் குட்டிகளே வந்து விளையாடும். துடுப்புக் காலணியைக் கடிக்கும், கேமரா கயிற்றை இழுக்கும், முகத்துக்கு நேரே குமிழி விடும். துரத்தக் கூடாது; ஒரே இடத்தில் மிதந்தால் தாமாக வரும். கைகளை மடக்கி மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நீட்டிய விரல் அவற்றுக்கு விளையாட்டுப் பொருள். உச்சந்தலையில் மேடு தெரியும் கருத்த பெரிய ஆண் வந்து குறுக்கும் நெடுக்குமாக நீந்தி நீருக்கடியில் குரைத்தால், அது தன் எல்லையைச் சொல்கிறது. அதன் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, குழுவோடு சேர்ந்துவிட வேண்டும். பாறைக்கும் அதற்கும் நடுவே மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அதற்குப் பின் மதிய உணவு என்செனாடா கிராண்டே அல்லது வேறொரு மணல் குடாவில். படகுத்துறை கிடையாது, தொடையளவு நீரில் இறங்கி நடக்க வேண்டும். உணவு பெரும்பாலும் செவிச்சே, அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், கூடவே தொஸ்தாதா என்ற மொறுமொறுப்பான சோள ரொட்டி. சைவம் என்றால் முன்பதிவின்போதே 'சின் கார்னே, சின் பெஸ்காடோ' (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லிவிட வேண்டும். 'கார்னே இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும்.

திமிங்கலச் சுறா வேறு கதை. அது தீவில் இல்லை. ஊருக்கு எதிரே எல் மொகோடே மணல்திட்டை ஒட்டிய ஆழமற்ற நீரில். வழக்கமாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. தொடக்கத்தை ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும். அனுமதி பெற்ற படகுகள் மட்டும், ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையே, முறை வைத்து. தண்ணீரில் ஒரு வழிகாட்டியோடு ஐந்து பேர். துடுப்புக் காலணிகளை மாட்டி, முகமூடியைச் சரிசெய்து, படகின் விளிம்பில் தயாராக உட்கார வேண்டும். வழிகாட்டி முதலில் இறங்கிக் கூப்பிட்டதும், குதிக்காமல் வழுக்கி இறங்க வேண்டும். குதித்தால் சத்தத்தில் அது ஆழம் போய்விடும். பக்கவாட்டில், மார்புத் துடுப்புக்குப் பின்னால், தள்ளி நீந்த வேண்டும். தொடக் கூடாது, வாலுக்கு அருகே போகக் கூடாது. சோம்பலாகப் போவது போலத் தெரியும், ஆனால் முழு வேகத்தில் உதைத்தால்தான் கூடவே போக முடியும். நீர் பச்சையாகக் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கலில் உள்ள மிதவை உயிரிகளைத் தின்னத்தான் அது வருகிறது என்பதால் அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. சன்ஸ்கிரீன் பூசக் கூடாது. வெயிலுக்கு முழுக்கை நீச்சல் உடை போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், திரும்பும் விமான நாளுக்கு முந்தைய காலைக்கு இது ஏற்றது.

வாடை அடிக்கும் நாளை வீணாக்க வேண்டியதில்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் பசிபிக் பக்கம் அடோல்ஃபோ லோபெஸ் மாத்தியோஸ். மக்தலேனா விரிகுடாவின் நீண்ட கால்வாய் அது; வெளியே மணல் தீவு அரணாக நிற்பதால் உள்ளே அலை குறைவு. சாம்பல் திமிங்கலங்கள் குட்டியோடு படகருகே வருவதை அங்கே பார்க்கலாம். கனத்த ஜாக்கெட் கட்டாயம். லா வென்டானாவை மட்டும் அந்த மாதங்களில் படகுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் அங்கே குவிவதே அந்தக் காற்றுக்காகத்தான்.

பாய்மரப் படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுப்போருக்குச் சில குறிப்புகள். லா பாஸ் கால்வாயில் மிதவைகளை விட்டு விலகவே கூடாது. மொகோடே பக்கம் மணல்திட்டு. மெக்சிகோவில் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு வலப்பக்கம், வெளியேறும்போது இடப்பக்கம். சான் லொரென்சோ நீரிணையில் சுவானி பாறையும் ஸ்கௌட் திட்டும் ஆழமற்ற இடங்கள். மின்னணு வரைபடங்கள் அந்தக் கடலில் சில இடங்களில் பிசகும். நங்கூரமிட்ட படகு மலைமேல் நிற்பதாகத் திரை காட்டும். அதனால் இருட்டிய பின் புதிய குடாவுக்குள் நுழையக் கூடாது. மணல் தரையில், ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில், ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு நங்கூரச் சங்கிலி விட வேண்டும். கொரோமுவெல் காலத்தில் மேற்குக் குடாக்களை விட்டு, தீவின் தென்கிழக்கே உள்ள போனான்சா கடற்கரைக்குப் போனால் இரவு அமைதியாக இருக்கும். வாடை வந்தால் அங்கே நிற்க முடியாது. லா பாஸ் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டால் காற்று ஒருபக்கமும் ஓதம் மறுபக்கமும் இழுக்க, படகுகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். இடைவெளி தாராளமாக விட வேண்டும். காலை 8 மணிக்குப் படகு வானொலியான விஎச்எஃப்பின் 22-ஆம் அலைவரிசையில் படகுக்காரர்களின் வானொலிக் கூட்டம். வானிலை அதிலேயே கிடைக்கும். தீவில் குடிநீர் இல்லை, ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் எடுத்துச்செல்ல வேண்டும். மீன்பிடிக் கருவி படகில் இருந்தால் ஏறியிருக்கும் எல்லோருக்கும் உரிமம் தேவை.

பலாந்த்ராவுக்குப் படகே வேண்டாம், சாலையிலேயே போகலாம். ஆனால் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு: காலை 8 முதல் 12, பிற்பகல் 1 முதல் 5 என இரண்டு பகுதி, பகுதிக்கு 450 பேர். விடுமுறை நாட்களில் வாசல் திறக்கும் முன்பே வரிசை நிற்கும். கடல் வற்றும் நேரத்தில் விரிகுடாவை நடந்தே கடக்கலாம். அப்படி நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகர்த்த வேண்டும். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வில் விலகிவிடும். மிதித்துக் கொட்டு வாங்கினால், தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், வலி தணியும்வரை காலை வைத்திருந்து, பிறகு முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.