உறவைப் பறிகொடுத்த பெண்கள் ஏறும் கோம்பி: டர்பனிலிருந்து கிளாரென்ஸ் வரை

டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா ஒருவர், துக்கத்தில் இருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு பயணம் போகிற கோம்பி வண்டியில் (சின்ன வேன்தான்) போகலாமா, வேண்டாமா என்று ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். வண்டிக்குப் பெயர் கிடையாது, விளம்பரம் கிடையாது, என் பெயரையும் போட்டுவிடாதே என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயிலில் விசாரித்தால் நம்பர் கிடைக்கும். புருஷனையோ பிள்ளையையோ கூடப் பிறந்தவர்களையோ பறிகொடுத்த பெண்கள் மட்டும்தான் ஏறலாம், துணைக்கு யாரையும் கூட்டிவர முடியாது. ஆளுக்கு 7,500 ரேண்ட். பெட்ரோல், டோல், தங்குமிடம், காலைச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம், ராத்திரிச் சாப்பாடு நம் கைக்காசு.

என் வீட்டுக்காரர் போன வருஷம் ஆடியில் மாரடைப்பில் போனார். காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆட்கள், அப்புறம் நானும் ஃப்ரிட்ஜ் சத்தமும்தான். ஊரோடு வந்துவிடு என்று கும்பகோணத்திலிருந்து அண்ணன். புரட்டாசியில் வண்டி கிளம்புகிறது என்றதும் பணத்தைக் கட்டிவிட்டேன். வருஷம் திரும்பாமல் பொம்பளை வாசல் தாண்டலாமா என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் அந்த மூன்று மாதத்தில் என் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் இல்லை.

பதிவு செய்யும்போது அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: அஸ்தியை எங்கே கரைத்தீர்கள், இல்லை எங்கே புதைத்தீர்கள். எதற்கு இது என்று அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. மற்றபடி வண்டிக்குள் ஒரு சட்டம் உண்டு, 'எப்படி ஆச்சு' என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, அவரவராகச் சொன்னால் காது கொடுக்கலாம். இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்து, அந்த ராத்திரியை முதலிலிருந்து ஒப்பித்து முடித்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டியில் எல்லோரும் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம், பேசினாலும் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அழுதாலும் யாரும் திரும்பவில்லை, முன் சீட்டிலிருந்து டிஷ்யூப் பெட்டி மட்டும் பின்னால் வரும்.

N3 சாலையில் ஏறி, முதலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் ஒரு கும்பிடு, அப்புறம் ஹோவிக் அருவி. 95 மீட்டர் உயரம், எத்தனையோ தடவை வீட்டுக்காரரோடு போயிருக்கிறேன், ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். வேலியோரம் நின்றபோது அக்கா பக்கத்தில் வந்து, "இது நம்ம உம்கேனி ஆறுதான்மா, தெரியுமில்ல?" என்றார். தெரியும், ஆனால் சேர்த்து யோசித்ததில்லை. வீட்டுக்காரர் அஸ்தியைக் கரைத்தது டர்பன் ப்ளூ லகூனில், இதே உம்கேனி கடலில் சேருகிற இடத்தில். இங்கே விழுகிற தண்ணீர் அணைகளையெல்லாம் தாண்டி அங்கேதான் போய்ச் சேரப்போகிறது. கையில் இருந்த பூவைப் போட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, வண்டியில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கேள்வி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மற்றவர்களுக்கும் இப்படி ஒவ்வோர் இடம் வைத்திருந்தார், அதை நான் எழுதுவது முறையில்லை.

டிராகன்ஸ்பெர்க் மலைகளைப் பற்றி நான் என்ன சொல்ல, எல்லோரும் போட்டோவில் பார்த்ததுதான், நேரில் இன்னும் பெரிது, குளிர் எலும்பைத் தொடுகிறது. விண்டர்டன் பக்கம் தங்கின இடம் சுமார், மூன்று பேருக்கு ஓர் அறை, வெந்நீர் இரண்டு பேரோடு தீர்ந்துவிடும். அங்கே ஒரு ராத்திரி ஆலோசகர் அம்மா ஒருவர் வந்து, போனவருக்கு ஒரு கடிதம் எழுதி நெருப்பில் போடுங்கள் என்றார். எனக்கு ஒட்டவேயில்லை. "எரிச்சிட்டுத்தானே வந்திருக்கோம், இன்னும் என்னத்தை எரிக்கிறது?" என்று எங்களோடு வந்த டோங்காட் ஊர் ஆயா சொன்னதும் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, அந்த அம்மா உட்பட. இந்த அங்கத்தை எடுத்துவிடுங்கள் என்று அக்காவிடமே சொன்னேன். யோசிக்கிறாராம்.

இந்த ஆயாவுக்கு எண்பது நெருங்குகிறது, ஒரே மகனைப் பறிகொடுத்தவர். ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறி ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக்குள் நுழைந்ததும் பட்கோஸ் (வழிச்சாப்பாடு) பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் ரொட்டியும் சுகர் பீன்ஸ் கறியும் கொடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். 1891-இல் போட்ட சட்டப்படி இந்தியர்கள் அந்த மாகாணத்தில் குடியிருக்க முடியாது, 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. ஜோஹன்னஸ்பர்க் போகும்போதெல்லாம் ஆயாவின் அப்பா பயந்துபோய் எங்கேயும் வண்டியை நிறுத்த மாட்டாராம், சாப்பாடும் தூக்கமும் ஓடுகிற வண்டிக்குள்ளேயேதான். இந்த மண்ணில் ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று ஆயா தன் மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த மாகாணத்து ஊரான கிளாரென்ஸில் படுத்த ஆயா மறுநாள் காலை ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை, நாங்கள் பயந்து தட்டி எழுப்பினோம், திட்டு வாங்கினோம். கோல்டன் கேட் பூங்காவின் மணற்பாறைகள் சாயங்கால வெயிலில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்பது நன்றாகத்தான் இருந்தது, எனக்கு ஆயா தூங்கினதுதான் பிடித்தது.

உம்லாசியிலிருந்து ஒரு ஜூலு அம்மாவும் வந்திருந்தார், தலை முதல் கால் வரை கறுப்பு, அவர்கள் வழக்கப்படி வருஷம் முழுக்க. கறுப்பைப் பார்த்தால் கடைக்காரன்கூட குரலைத் தாழ்த்துகிறான், பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தால் நம்மவர்கள் எதிரே வராமல் ஒதுங்குகிறார்கள் என்று நான் சொல்ல, அவர் கறுப்பிலும் அதே ஒதுக்கல் உண்டு என்றார், டாக்சியில் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். எனக்கு ஜூலு வராது, அவருக்குத் தமிழ் வராது, உடைந்த இங்கிலீஷில் பாதி ராத்திரி ஓடியது. திரும்பி வந்தபின் என் வீட்டு கீசர் வெடித்துத் தண்ணீர் கூடமெல்லாம் ஓடினபோது யோசிக்காமல் அவருக்குத்தான் போன் போட்டேன், மருமகனை அனுப்பினார். இந்த ஆடியில் என் வீட்டுக்காரருக்கு வருஷத் திதி கொடுத்தபோது வண்டியில் வந்த அத்தனை பேரும் வந்தார்கள், உம்லாசி அம்மா தன் தோட்டத்து மடும்பிக் கிழங்கு ஒரு பை கொண்டுவந்து தானே உட்கார்ந்து தோல் சீவினார். சொந்தக்காரர்கள் கொஞ்சம் முறைத்தார்கள். ஆயா இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார், ஆயாவை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்?

சரி, யாருக்கு ஒத்துவராது? துக்கம் நடந்து நாற்பது நாள்கூட ஆகாதவர்கள் பொறுத்துப் போகலாம். தனி அறை இல்லாமல் தூங்க முடியாதவர்களுக்கும் சிரமம். R74 சாலையில் பள்ளங்கள் அதிகம், முதுகுவலிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புனித வெள்ளி வாரம் அக்கா பீட்டர்மாரிட்ஸ்பர்க் தீமிதியில் இருப்பார், வண்டி ஓடாது. டொயோட்டா குவாண்டம் வேன்தான், பழசு, ஏசி கடைசி வரிசைக்கு எட்டாது. அதனால் கடைசி வரிசையைத் தவிர எந்த சீட் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.