40 டாலர் டிராப் பூஸ்டர்: பட்டனை அழுத்தும் முன் படிங்க

ஒரு ஆன்லைன் ரோல்பிளேயிங் கேமின் உள்கடையில் டிராப் பூஸ்டர் (அரிய பொருள் விழும் வாய்ப்பைக் கூட்டுவதாக விற்கிற ஐட்டம்) வாங்கி 40 டாலர் போன சூட்டோடு எழுதுகிறேன். கேம் பெயர் வேண்டாம், இதே வித்தை காட்டுகிற கேம்கள் ஏராளம்.

"அரிய லூட் வாய்ப்பு 100% கூடும், 72 மணி நேரம்" என்று பேனர். லூட் என்றால் எதிரியைக் கொன்றால் விழுகிற பொருள். பக்கத்திலேயே கடைசி பாஸின், அதாவது கடைசிப் பெரிய எதிரியின், சிவப்பு வாள் சுழன்றுகொண்டிருக்கும். அந்த வாளின் டிராப் ரேட் (விழும் வாய்ப்பு) 1% என்று கேமிலேயே போட்டிருக்கிறார்கள். கணக்கை மறைக்காமல் சொல்கிறார்களே என்று நம்ப வைப்பது அந்த ஒரு வரிதான்.

1% என்றால் 100 ரன்னில், அதாவது பாஸை 100 முறை அடித்தால், கட்டாயம் விழும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ரன்னும் புதுக் குலுக்கல். 100 ரன் ஓடியும் நூற்றில் 36, 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 90% வாய்ப்பு வேண்டுமென்றால் 230 ரன். ரன்னுக்கு 20 நிமிஷம் வைத்தால் 76 மணி நேரத்துக்கு மேல்! பேனரை நம்பினால், பூஸ்டர் அந்த 1%-ஐ 2% ஆக்கும், அவ்வளவே. அப்போது 114 ரன், 38 மணி நேரம். பாதியாகக் குறைகிறதே, லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 72 மணி நேரம் கடிகாரக் கணக்கு. லாக்-அவுட் செய்தாலும் ஓடும், சர்வர் மெயின்டனன்ஸில் கிடந்தாலும் ஓடும். மூன்று நாளும் தினம் 12 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் அந்த 114 ரன் முடியும்.

இதைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பூஸ்டர் பொது லூட் டேபிளுக்கு (எது எந்த வாய்ப்பில் விழும் என்ற பட்டியல்) மட்டும்தான் வேலை செய்கிறது. பாஸின் தனி டிராப் வேறு டேபிளில் இருக்கிறது. அதைத் தொடுவதே இல்லை. பேனரில் வாள் படம், விதிவிலக்கு மட்டும் உதவிப் பக்கத்தின் அடியில். 40 டாலருக்கு வந்து சேர்ந்தது பை நிறைய நீலக் கையுறைகள்.

சப்போர்ட்டில் டிக்கெட் போட்டால் முதல் பதில், "லூட் முழுக்க ரேண்டம்." லூட் டேபிளைக் காட்டிக் கேட்டால், "பயன்படுத்தத் தொடங்கிய டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை." அடுத்து டிக்கெட்டை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று ஒரு மெயில். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

இதெல்லாம் புதுசும் இல்லை. மேப்பிள் ஸ்டோரி என்ற ஆன்லைன் கேமில் கியூப் (ஆயுதம், கவசங்களின் கூடுதல் திறன்களைக் குலுக்கி மாற்றும் ஐட்டம்) வாய்ப்புகளைச் சொல்லாமல் குறைத்ததற்காக 2024 ஜனவரியில் தென்கொரிய நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. சில திறன் காம்பினேஷன்களுக்கு வாய்ப்பு பூஜ்யமாகவே இருந்திருக்கிறது. அந்த மார்ச்சிலிருந்து அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டக் கட்டாயம்.

கிரைண்ட், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, இருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ரன்னுக்கு ஒரு டோக்கன் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் வாளை மாற்றிக்கொள்ள விடுகிற கேம் நம் நேரத்தை மதிக்கிறது. இங்கே டோக்கனும் இல்லை, இத்தனை ரன் ஓடினால் கட்டாயம் கொடுத்துவிடுகிற பிட்டி கவுண்டரும் இல்லை. அடுத்த சீசனில் லெவல் கேப் (லெவலின் உச்ச வரம்பு) ஏறும்போது வழியில் கிடக்கிற சாதா கத்தியே இந்த வாளைத் தோற்கடித்துவிடும்.

அவசரமாக நாலு வார்த்தை. பூஸ்டர் எந்த டேபிளுக்கு என்று பார்க்காமல் வாங்காதீர்கள். நேரம் எந்தக் கணக்கு என்று பாருங்கள். சீசன் முடிகிற சமயத்தில் தொடவே தொடாதீர்கள். பேனரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். ரீஃபண்டை ஸ்டோர் வழியாகவே கேளுங்கள். கோபத்தில் கார்டு பேங்கில் சார்ஜ்பேக் போட்டால் (பணத்தைத் திருப்பிப் பிடித்துத் தரச் சொன்னால்) 40 டாலர் திரும்பினாலும் அக்கவுண்ட்டை லாக் செய்துவிட வாய்ப்பு அதிகம்.