லென்ஸ் ஊறவைக்கும் பெராக்சைடு சொல்யூஷன்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

போன வருடம் வலது கண்ணில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்து மீண்ட பிறகுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷனுக்கு மாறினேன். எட்டு மாதமாக தினமும் இரவு லென்ஸ் இதில்தான் ஊறுகிறது. நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தக் கிருமிக்குப் பயந்து இதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது சாதாரண சொல்யூஷன்தான் வைத்திருந்தேன். டப்பியில் இருக்கும் பழையதைக் கொட்டாமல் அதன் மேலேயே புதிதாக ஊற்றுவேன், இரண்டு இரவு லென்ஸைக் கழற்றாமலே தூங்கியும் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் லேசான உறுத்தல், மாலைக்குள் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. மருத்துவர் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, லென்ஸ் டப்பியையும் சேர்த்து சோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் சூடோமோனாஸ் ஏருஜினோசா. ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டுப் பார்வை தப்பியது. தழும்பு ஓரமாக விழுந்ததால் பிழைத்தேன்.

இது அபூர்வமான கிருமி இல்லை. மண், குழாய்த் தண்ணீர், சிங்க் என்று ஈரம் இருக்கும் இடத்திலெல்லாம் இருக்கும். 1882ல் கார்ல் கெஸார் என்ற பிரெஞ்சுக்காரர், காயத்துக்குக் கட்டிய துணியில் படிந்த நீலப்பச்சைக் கறையை ஆராயப்போய்த்தான் இதைப் பிரித்தெடுத்தார். அந்த நிறத்துக்குக் காரணமான, இந்தக் கிருமி சுரக்கும் பயோசயனின் என்ற நிறமி நம் செல்களையும் சேதப்படுத்தும். நல்ல நிலையில் இருக்கும் கண்ணை இது ஒன்றும் செய்யாது, கண்ணீரும் இமைப்பதும் கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து தடுத்துவிடும். தீக்காயம், வென்டிலேட்டர் குழாய், சிறுநீர்க் குழாய், வெள்ளை அணு குறைந்த உடம்பு என்று ஏதாவது ஒரு வாசல் திறந்தால் மட்டுமே நுழையும். கண்ணில் அந்த வாசலைத் திறப்பது பெரும்பாலும் லென்ஸ்தான், அதுவும் தூங்கும்போது போட்டிருந்தால் கண்ணீர் ஓடாமல் கிருமி அங்கேயே தேங்கி நின்றுவிடுகிறது.

நுழைந்த பிறகு அது வேலை செய்யும் வேகம்தான் பயங்கரம். ஊசி போன்ற ஒரு அமைப்பை வைத்திருக்கிறது, அதால் நம் செல்லுக்குள் நேரடியாக நச்சுப் புரதங்களைச் செலுத்தும். சில ரகங்களில் இருக்கும் எக்ஸோயு என்ற புரதம் செல்லின் சவ்வையே கரைத்துவிடும். எக்ஸோடாக்சின் ஏ என்ற இன்னொரு நச்சு, செல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க முடியாமல் செய்யும். எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் கருவிழியின் திசுவை அரிக்கும், அப்புறம் கிருமியைக் கொல்ல ஓடிவரும் நம் வெள்ளை அணுக்கள் கொட்டும் நொதிகளும் அதே திசுவைத்தான் கரைக்கின்றன. ஓரிரு நாளில் கருவிழி ஓட்டையாகிப் போனவர்களும் உண்டு. மருந்துக்கும் சுலபமாக அடங்காது. வெளிச்சவ்வு பல மருந்துகளை உள்ளே விடாது, உள்ளே போனதையும் பம்ப் வைத்து இறைத்து வெளியே தள்ளும். 2023ல் அமெரிக்காவில் மாசுபட்ட செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வழியாக, கார்பாபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் மருந்துக்கே அடங்காத ரகம் பரவிப் பலர் பார்வை இழந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். என் கண்ணில் இருந்த ரகம் சாதாரண சொட்டு மருந்துக்கே கட்டுப்பட்டது, அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, சொல்யூஷனுக்கு வருவோம். 3 சதவீத பெராக்சைடு கிருமியை ஆக்ஸிஜனேற்றம் செய்து கொல்கிறது. கூடவே வரும் டப்பியில் இருக்கும் பிளாட்டினம் வில்லை அதைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைப்பதால் 6 மணி நேரத்தில் கண்ணுக்குப் பாதுகாப்பாகிவிடும். கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பதப்பொருள் கிடையாது, எனக்கு முன்பு இருந்த எரிச்சல் முதல் வாரத்திலேயே போய்விட்டது. லென்ஸும் தெளிவாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. அவசரத்துக்கு உதவாது, 6 மணி நேரம் முடியாமல் லென்ஸைப் போட்டால் கண் தீயாய் எரியும். பதப்பொருள் இல்லாததால், வேலை முடிந்த திரவத்தில் லென்ஸைப் பல நாள் விட்டுவைத்தால் அதிலேயே கிருமி மறுபடி வளரலாம். டப்பியில் கிருமிகள் சேர்ந்து, தாங்களே சுரக்கும் பிசினுக்குள் படலமாக ஒட்டிக்கொண்டுவிட்டால் பெராக்சைடும் திணறும், ஏனென்றால் சூடோமோனாஸிடம் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு புது பாட்டிலோடும் வரும் டப்பியை எடுத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடுங்கள், ஊறவைக்கும் முன் லென்ஸைச் சொல்யூஷனாலேயே நன்றாக அலசுங்கள், குழாய்த் தண்ணீர் டப்பியில்கூடப் படக்கூடாது. இதையெல்லாம் பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும், அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நான்கு தருகிறேன். தினமும் புது லென்ஸ் போட்டு இரவில் தூக்கிப் போடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டில் தேவையே இல்லை.