ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ்: எதை முதலில் கேட்கலாம்?

வாஷிங்டன் டி.சி.யில் 1984-இல் தோன்றி 1986 தொடக்கத்தில் கலைந்த ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், 1985 கோடையில் தொடங்கி ஓராண்டுகூட நீடிக்காத எம்பிரேஸ் ஆகிய இரண்டுமே டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாகத் தலா ஒரு முழு ஆல்பத்தை விட்டுச்சென்று, போஸ்ட்-ஹார்ட்கோர் (வேகமும் ஆவேசமும் மிக்க ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து கிளைத்த வகை) இசைக்கு வழியமைத்த குழுக்கள்.

முன்னதன் ஆல்பம், குழு இயங்கிக்கொண்டிருந்த 1985-லேயே, டிஸ்கார்டின் நிறுவனர்களில் ஒருவரான இயான் மெக்கேயின் தயாரிப்பில் வந்தது. கை பிச்சியோட்டோ தொண்டை கிழியப் பாடுகிறார். வரி முடியுமிடத்தில் குரல் உடைவது ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது. மேடையில் கருவிகளும் உடைந்தன, நிகழ்ச்சிகளும் சொற்பமே.

மெக்கே தாமே பாடிய எம்பிரேஸின் ஆல்பமோ குழு கலைந்த பிறகு, 1987-இல்தான் வெளிவந்தது. அவருடன் வாசித்த மூவரும் தி ஃபெய்த் என்ற ஹார்ட்கோர் குழுவில் இருந்தவர்கள். வேகம் தணிந்து, மைக்கேல் ஹாம்ப்டனின் கிட்டார் மெட்டு மேலெழுகிறது. ஆனால் தன்னையே கேள்வி கேட்கும் வரிகள் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுகின்றன.

என் தேர்வு ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்தான். பிச்சியோட்டோவும் அக்குழுவின் டிரம்மர் பிரெண்டன் கேன்டியும் பின்னர் மெக்கேயுடன் இணைந்த ஃபுகாஸி குழுவை ஏற்கெனவே கேட்டவர்கள் மட்டும், அதன் நிதானத்துக்கு நெருக்கமான எம்பிரேஸிலிருந்து தொடங்கலாம்.