மஞ்சள் ஒட்டு அட்டை: பத்து வாங்கினேன், இரண்டைத்தான் கட்டினேன்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் எனக்கு இருபத்திரண்டு சாடிகள் இருக்கின்றன. மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை, ஒரு பாவற்கொடி, நீலப் பரலில் ஒரு பப்பாசி. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு மிளகாயில் வெண் ஈ தொடங்கியது. செடியில் கை பட்டால் போதும், மா தூவியது போல எழும்பிப் பறக்கும். கொழுந்து இலைகள் சுருண்டன. சரி என்று ஒரு சனிக்கிழமை 101 பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனேன். விதையும் உரமும் விற்கிற ஒரு சின்னக் கடை. நின்ற தம்பி நான் சொல்லி முடிக்கவே விடவில்லை.

“அக்கா, இதைக் கட்டிவிடுங்கோ. ஒரு பூச்சியும் மிஞ்சாது.”

பத்து மஞ்சள் அட்டைகள் கொண்ட ஒரு கட்டு, 900 ரூபாய். அதோடு ஒரு போத்தல் வேப்பெண்ணெய், பாவற்காய்க்கு என்று ஒரு பழ ஈப் பொறி. மூன்றையும் பற்றி எழுதுகிறேன், ஆனால் சொல்ல நிறைய இருப்பது அட்டையைப் பற்றித்தான்.

அட்டையின் தரத்தில் குறை இல்லை. இரண்டு பக்கமும் பசை, மேலே மெழுகுத் தாள். மழையில் நனைந்தும் பசை போகவில்லை. போனது தூசியால். ஒரு பக்கம் காலி வீதிப் புகை, மறுபக்கம் கடற்காற்று. இரண்டு கிழமையில் அட்டை மங்கி, ஒட்டும் தன்மை பாதியாகிவிட்டது. கட்டுவதற்கென்று தந்த கம்பி முதல் காற்றிலேயே முறிந்தது, நான் பழைய மின்வயரால் கட்டினேன். உரிக்கும்போது விரலில் பசை பட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. தேங்காய் எண்ணெய்தான்.

எண்ணெய் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்காம் நாள் காலையில் ஒரு பல்லி ஒட்டிக்கிடந்தது. வயிறும் இரண்டு கால்களும் பசையில், தலை மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தபடி. இழுத்தால் தோல் உரிந்துவிடும். அம்மா கீழே போய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, பஞ்சில் தொட்டு, ஒவ்வொரு விரலாக நனைத்து விட்டார். கால் மணித்தியாலம் எடுத்தது. இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்கிற பிராணியை நான் காசு கொடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்!

அதற்குப் பிறகுதான் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, மகனின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள், எண்ணாமல் விட மனம் வராது. உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எண்ணினேன். வெண் ஈ அறுபத்து மூன்று. இறக்கை முளைத்த அழுக்கணவன், அதாவது கொழுந்தில் அப்பிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, ஏழு. அழுக்கணவனைத் தின்கிற பொறிவண்டு இரண்டு. அப்புறம், முதலில் தூசி என்று நினைத்த கறுப்புப் புள்ளிகள் பதினொன்று. கண்ணாடியில் அவற்றுக்கு ஒடுங்கிய இடுப்பும் நீண்ட உணர்கொம்பும் தெரிந்தன. ஒட்டுண்ணிக் குளவிகள். நம்மைக் கொட்டாதவை. பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து, உள்ளிருந்தே குடைந்து தின்று வெளியே வருபவை.

மாடிக்குப் போய்ப் பயற்றையைத் திருப்பிப் பார்த்தேன். கொழுந்தில் கறுப்பாக அழுக்கணவன் அப்பியிருந்தது. ஆனால் இடையிடையே சிலது பழுப்பு நிறத்தில் ஊதி, அசையாமல், சின்ன மணி போல இலையில் ஒட்டிக்கிடந்தன. பலவற்றின் பின்பக்கத்தில் ஊசியால் குத்தியது போல ஒரு வட்ட ஓட்டை. குளவி வெளியேறிய வாசல் அது. நான் கடைக்குப் போகும் முன்னரே அங்கே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இளம் இலை என்று நினைத்து மஞ்சள் நிறத்தைத் தேடிவந்து இறங்குவது வெண் ஈயின் பழக்கம். அதையே நம்பி அதன் எதிரிகளும் வருகின்றன. பசைக்கு ஆள் தெரியாது. இன்னொன்று, அட்டையில் விழுவது பறக்கிறது மட்டும்தான். வெண் ஈயின் முட்டை இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும், குஞ்சும் பெரும்பாலும் அங்கேயே நகராமல் இருந்து சாறு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டின் உறையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு பூச்சியும் மிஞ்சாது என்று தம்பி சொன்னபோது எந்தப் பூச்சி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் நல்ல சரக்கு, கசப்பு மணம் மாடி முழுக்க நின்றது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லி லீற்றர், கலப்பதற்குக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசல். வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும் என்பதால் பொழுதுபட்ட பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். மிளகாய்க்கு அடித்தேன், இரண்டு கிழமையில் புதுக் கொழுந்து நேராக வந்தது. பப்பாசிக்கும் அடிக்கப் போனேன், தங்கச்சியின் மகன் தடுத்துவிட்டான்.

பப்பாசியில் வெண்மூட்டுப்பூச்சி ஏறியிருந்தது, அதுவும் சாறு உறிஞ்சுகிற ஒரு பூச்சிதான். இலைக்காம்பெல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. “பெரியம்மா, இதிலை ஒண்டு நடக்குது” என்றான். மூட்டுப்பூச்சி இந்த வேகத்தில் நடக்காது. குச்சியால் மெல்லத் தள்ளினால் வெள்ளை மாவைப் போர்த்திய ஒரு தட்டைப் புழு. அது மூட்டுப்பூச்சியைத் தின்று, அதன் மாவையே தன் முதுகில் பூசிக்கொள்கிறது. ஐந்தாறு நாளில் இலையில் ஒரு கூட்டுப்புழு. உழுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதில் இரண்டு கண்ணும் மூக்குமாக அச்சு அசல் ஒரு குரங்கின் முகம். பையன் அன்று பள்ளிக்கூடத்தில் வேறு எதையும் பேசியிருக்க மாட்டான். ஸ்பால்ஜிஸ் என்கிற சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சி அது. வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்திருந்தால் அதுவும் மூட்டுப்பூச்சியோடு சேர்ந்து போயிருக்கும்.

கொழும்பில் பப்பாசி வைத்திருந்தவர்களுக்கு 2008 நினைவிருக்கும். கம்பஹா, கொழும்பு மாவட்டங்களில் இந்த மூட்டுப்பூச்சி முதன்முதலாக வந்த வருடம். மரம் மரமாக வெள்ளை பிடித்துப் பட்டது, கோயில் வாசல் அரலி மரங்களையும் விடவில்லை. மருந்தடித்து அடங்கவில்லை. 2009 இல் விவசாயத் திணைக்களம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு குளவியை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து விட்ட பிறகுதான் அது தணிந்தது. தலவாக்கலைப் பக்கம் தோட்டக் கிளாக்கராக இருந்த அப்பா இதைக் கேட்டு, “தேயிலைக்கு எப்பவோ செய்தவங்கள்” என்றார். உண்மைதான். 1930களின் நடுவில் தேயிலை இலையைச் சுருட்டும் புழுவுக்கு ஜாவாவிலிருந்து ஒரு குளவி கொண்டுவந்து விடப்பட்டது.

எறும்புக்கு மட்டும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. மூட்டுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, தின்ன வருபவற்றை விரட்டும். பரலைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம்தான். ஆனால் டெங்கு பார்க்க வருபவர்களிடம் யார் தண்டம் கட்டுவது? மரத்தில் ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் கிறீஸ் பூசினேன்.

பழ ஈப் பொறிதான் உண்மையில் காசுக்குக் கேடு. மூன்று கிழமை பாவற்கொடியில் தொங்கியும் ஒன்றும் விழவில்லை, பிஞ்சுகள் மஞ்சளாகி அழுகிக்கொண்டே இருந்தன. உள்ளே இருந்தது மெதைல் யூஜினோல் என்ற, ஈயை இழுக்கும் வாசனைப் பொருள். அது மா, கொய்யா ஈக்கு. பாவல், புடோல் ஈக்குக் கியூ லூர் என்ற வேறு வாசனை வேண்டும். அதே பொறியைக் கீழ்வீட்டு அன்ரியின் கொய்யாவில் கட்டினோம், மூன்று நாளில் போத்தலின் அடி தெரியவில்லை. விழுவதெல்லாம் ஆண் ஈ, முட்டையிடுகிற பெண் ஈ வெளியேதான் நிற்கும் என்பதை அன்ரிக்கு இன்னும் சொல்லவில்லை. என் பாவற்பிஞ்சுகளுக்கு இப்போது பேப்பர் உறை. அம்மா கோண்டாவிலில் செய்த வேலை, செலவு பழைய பத்திரிகை.

அட்டைக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன். இரண்டை மட்டும், செடி உயரத்துக்குக் கட்டுங்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு கிழமை பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். மிச்சம் எட்டும் என் அலுமாரியில் கிடக்கின்றன. போன மாதம் கியூ லூர் கேட்டு அதே கடைக்குப் போனேன். தம்பி அலுமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“அது முடிஞ்சுது அக்கா. மஞ்சள் அட்டை புதுசா வந்திருக்கு, தரட்டோ?”