"வினிகர் மருந்து" என்ற பெயரில் க்ளைபோசேட்: பள்ளி மைதானத்தில் களை எடுக்க ஆள் வைப்பவர்கள் கவனத்துக்கு

ஆரம்பப் பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு மைதானம். களை எடுக்க ஒப்பந்தம் கொடுத்தபோது ஒப்பந்தக்காரர் கைப்பட எழுதித் தந்தது இதுதான்: "வினிகரில் செய்த இயற்கை மருந்து, ரசாயனம் கிடையாது, அடித்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளை விளையாட விடலாம்." அடித்தது க்ளைபோசேட் என்ற ரசாயனக் களைக்கொல்லி. ஆய்வகச் சோதனையில் அது உறுதியானது. ஆனால் சோதனைக்கு முன்பே களைகள் அதைச் சொல்லிவிட்டன. அந்த அடையாளங்கள் தெரிந்திருந்தால் எந்தப் பள்ளியும் எந்தக் காப்பகமும் இப்படி ஏமாறாது என்பதற்காகவே இந்தப் பதிவு. ஒப்பந்தக்காரர் பெயரைப் போடவில்லை. இந்த முறையில் ஏமாற்றுவது ஒருவரோடு நிற்பதில்லை.

முதல் அடையாளம் நெடி. களையைக் கருக்க வேண்டுமென்றால் வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். சமையலறை வினிகர் 5 சதவீதம்தான். இரண்டு இலை விட்ட நாற்றுக் களையைத் தாண்டி அதற்குப் பெரிய வேலை கிடையாது. 20 சதவீதக் கரைசலைத் தெளித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மூக்கும் கண்ணும் எரியும், புளித்த நெடி மணிக்கணக்கில் போகாது. க்ளைபோசேட்டுக்கோ வாசனையே இல்லை என்று சொல்லலாம். "வினிகர் அடிக்கிறோம்" என்கிற இடத்தில் நெடியே வரவில்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது அளவு. வினிகர் தொட்ட இடத்தை மட்டும் கருக்கும். செடி முழுக்க நனைய வேண்டும். 100 சதுர மீட்டருக்கு 6 முதல் 9 லிட்டர் வரை பிடிக்கும். க்ளைபோசேட் செடிக்குள் ஓடி வேர்வரை போகும் மருந்து என்பதால் அதே இடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் போதும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்து 500 சதுர மீட்டரை முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள் என்றால், உள்ளே இருந்தது வினிகராக இருக்க வழியில்லை. எத்தனை டேங்க் அடித்தார்கள் என்று எண்ணுங்கள். இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை.

மூன்றாவது, களை சாகிற விதம். எங்களைப் பொறுத்தவரை இதுதான் உறுதியான சாட்சி. வினிகர், நோனனாயிக் அமிலம், கிராம்பு எண்ணெய் மாதிரித் தொட்ட இடத்தைக் கருக்கும் மருந்துகள் நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இலையைத் துவளவைத்துப் பழுப்பாக்கும். க்ளைபோசேட் அடித்தால் முதல் சில நாள் ஒன்றுமே நடக்காது. பிறகு குருத்து வெளுக்கும், ஒரு வாரம் பத்து நாளில் செடி முழுக்க ஒரே சீராக மஞ்சளாகும். அந்த மைதானத்தில் நடந்தது இரண்டாவது வகை. கோரையைத் தோண்டிப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. கோரைக் கிழங்கை நகத்தால் கீறினால் உயிருள்ளது உள்ளே வெள்ளையாக இருக்கும், செத்தது பழுப்பாக இருக்கும். மேலே வினிகர் அடித்தால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அங்கே செடியோடு ஒட்டியிருந்த கிழங்குகள் பழுப்பாகிப் போயிருந்தன. வேலியோரப் பூச்செடிகளில் புதிதாக வந்த துளிர் ஊசிபோல ஒடுங்கி, வெளிறி, கொத்துக் கொத்தாக வந்தது. வினிகர்த் துளி பறந்து வந்து விழுந்திருந்தால் விழுந்த இடத்தில் பொட்டுப் பொட்டாகக் கருகியிருக்கும். அடுத்து வரும் துளிர் நன்றாகவே வரும்.

இதே முறையில் வேறு மருந்துகளையும் இனம் காணலாம். அகன்ற இலைக் களைகளின் தண்டு முறுக்கிக்கொண்டு, இலை கிண்ணம்போலக் குவிந்து, புல் மட்டும் பச்சையாக நின்றால் 2,4-டி வகைக் களைக்கொல்லி. மாதக்கணக்கில் ஒரு முளைகூட எழவில்லை, பக்கத்து மரமும் நுனியிலிருந்து காய்கிறது என்றால் மண்ணில் தங்கும் மருந்து. இமாசபைர், டையுரான் போன்றவை இப்படிச் செய்யும். ஒரே நாளில் எல்லாம் கருகிவிட்டது, ஆனால் புளிப்பு நெடியே இல்லை என்றால் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைச் சந்தேகிக்க வேண்டும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் போகலாம், முறிமருந்து கிடையாது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அனுமதி இல்லை. ஒரு குழந்தை அதை வாயில் வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

க்ளைபோசேட் ஆபத்தா இல்லையா என்ற சர்ச்சை தனி. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் பள்ளி மைதானங்களுக்கு அந்த மருந்தை அடித்துவந்த ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2018 ஆகஸ்டில் ஜூரி 28.9 கோடி டாலர் இழப்பீடு என்றது. மேல்முறையீட்டில் அது சுமார் 2 கோடியாகக் குறைந்தது. யார் சொல்வது சரி என்று நினைத்தாலும், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அடித்து, ஈரம் காயுமுன் தவழும் குழந்தைகளை உள்ளே விடச் சொன்னது மோசடி. குழந்தை தரைக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறது, கையை வாயில் வைக்கிறது, உடல் எடைக்கு அதன் தோல் பரப்பும் அதிகம். பெற்றோர் சம்மதித்தது வேறு ஒன்றுக்கு.

சோதனைக்கு மாதிரி அனுப்புகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். "பூச்சிமருந்து எச்சம் பாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், ஆய்வகம் வழக்கமாகப் பல மருந்துகளை ஒன்றாகப் பார்க்கும் சோதனையைச் செய்யும். க்ளைபோசேட் அதில் சிக்காது, அதற்கு முறையே தனி. "க்ளைபோசேட்டும், அது சிதைந்து உண்டாகும் ஆம்பாவும் பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் "எதுவும் இல்லை" என்று அறிக்கை வரும், ஒப்பந்தக்காரர் அதையே காட்டித் தப்பித்துவிடுவார். அடித்த செடியின் இலைகளைப் புதிய கையுறை போட்டுப் பறித்து, சுத்தமான பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். அடிக்காத இடத்திலிருந்து ஒரு மாதிரியை முதலில் எடுத்துத் தனியாக வையுங்கள். மண்ணில் தங்கும் மருந்தா என்று வீட்டிலேயே பார்க்கவும் வழி உண்டு. சந்தேகப்படும் மண்ணில் மூன்று தொட்டி, சுத்தமான மண்ணில் மூன்று தொட்டி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு பக்கம் மட்டும் இலை குவிந்தாலோ முளை கருகினாலோ விடை கிடைத்துவிடும். க்ளைபோசேட்டுக்கு இந்தச் சோதனை உதவாது. அது மண் துகளோடு இறுக ஒட்டிக்கொள்வதால் விதை நன்றாகவே முளைக்கும்.

என்ன அடித்தார்கள் என்று தெரியாத மைதானத்தை உடனே பூட்டுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டாம், மருந்து வடிகாலுக்கும் மணல் குழிக்கும் பரவும். விளையாட்டுச் சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மணல் குழியின் மேல்மணலை மாற்றினால் நல்லது.

"அப்படியானால் உண்மையான வினிகரே அடிக்கட்டும்" என்று சிலர் கேட்பார்கள். 20 சதவீத அமிலம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அடிக்கிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும், காயும்வரை பிள்ளைகள் அண்டக் கூடாது. கோரையும் அருகும் இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். நடைபாதை இடுக்கில் முளைக்கிற சின்னக் களைக்கு அது சரி. அதில் உப்பைக் கலப்பவரை மட்டும் அனுமதிக்காதீர்கள். உப்பு மண்ணைக் கெடுத்து, மர வேரைக் கொன்று, கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியையும் அரிக்கும்.

அந்த ஒப்பந்தத்திலேயே மூடாக்கு வேலையும் இருந்தது. அதுவும் மோசம். கீழே துணி விரித்து மேலே இரண்டு விரற்கடை மரச்சீவல் தூவியிருந்தார்கள். அவ்வளவு மெல்லிய மூடாக்கில் வெளிச்சம் உள்ளே போகும். சீவல் மட்கியதும் களை துணிக்கு மேலேயே முளைத்து வேரைத் துணிக்குள் பின்னிவிடும், பிடுங்கினால் துணியோடு வரும். களையை அடக்க 10 சென்டிமீட்டர் கரடுமுரடான மரச்சீவல் வேண்டும், துணி வேண்டாம். மரத்தடியைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் போட வேண்டும். ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கிற இடத்தில் கணக்கு வேறு: விழும் பிள்ளைக்கு அடிபடாமலிருக்க அழுந்திய பிறகும் 23 சென்டிமீட்டர் நிற்க வேண்டும், அதாவது புதிதாகப் போடும்போது 30 சென்டிமீட்டர். அந்தக் கனத்துக்குக் களை தானாக அடங்கிவிடும், அங்கே மருந்துக்கு வேலையே இல்லை. சீவலில் பச்சைச் சாயல் கண்டால் திருப்பி அனுப்புங்கள். பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம்.

களையைத் தடுக்க மக்காச்சோளப் புரத மாவு என்று இன்னொன்றை விற்கிறார்கள். அது பொய்யான பொருள் அல்ல. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்தது. 10 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தூவி, லேசாக நனைத்து, பிறகு ஓரிரு நாள் காயவிட்டால் முளைக்கிற விதையின் வேரை அது தடுக்கும். முளைத்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. அதில் சுமார் 10 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் நிற்கும் களைக்கு உரமாகவே போய்ச் சேரும். களை காடாக நிற்கும் மைதானத்துக்கு இதை விற்பவர் உங்கள் பணத்தில் களைக்கு உரம் போடுகிறார்.

நெருஞ்சிக்கு மருந்தே வேண்டாம், நேரம்தான் வேண்டும். ஒற்றை ஆணிவேர்ச் செடி அது. மஞ்சள் பூ தெரிந்தவுடன் களைக்கொத்தியை, தண்டும் வேரும் சேரும் கொண்டையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே செலுத்தி வேரை அறுத்தால் மறுபடி தழைக்காது. காய் பிடித்துவிட்டால் செடியைச் சாக்கில் போட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும், தரையில் இழுத்தால் போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். உதிர்ந்த முள்ளை எடுக்கப் பழைய தரைவிரிப்புத் துண்டைக் குப்புறப் போட்டு மேலே மிதித்து இழுங்கள், முள் அதில் குத்திக்கொண்டு வந்துவிடும். விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் இந்த வேலை ஒரு பருவத்தோடு முடியாது.

கோரைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் தோண்ட வேண்டும், கிழங்குச் சேமிப்பு தீரும்வரை. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறையோடு பிடுங்க வேண்டும்; தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், பிள்ளைகளை விட்டுப் பிடுங்கச் சொல்லக் கூடாது. திறந்த வெற்று நிலத்துக்கு நல்ல கோடையில் மண்ணை நனைத்து, கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விட்டால் நாற்றுக்களைகளும் விதைகளும் பெரும்பாலும் வெந்துபோகும். கறுப்புத் தாள் அந்த அளவுக்குச் சூடேற்றாது. நிழல் விழும் இடத்தில் இது பலிக்காது, கோரைக் கிழங்கும் முழுக்கச் சாகாது.

புல்தரையில் அகன்ற இலைக் களை மட்டும் பிரச்சினை என்றால் எச்இடிடிஏ (FeHEDTA) என்ற இரும்புச் சேர்மம் கலந்த மருந்து இருக்கிறது. ஒரு நாளுக்குள் களை கறுக்கும், புல் தப்பிக்கும். சிமெண்டில் பட்டால் துருக்கறை விழும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது. மருந்தின் பெயர், லேபிளில் உள்ள பதிவு எண், மூலப்பொருளும் அதன் சதவீதமும். முத்திரை உடைக்காத கேனை உங்கள் ஆள் முன்னால் திறந்து, அங்கேயே கலக்க வேண்டும். வேறு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்ததை அனுமதிக்கக் கூடாது. விடுமுறை தொடங்கும் நாளில்தான் தெளிக்க வேண்டும். கலிபோர்னியாவின் பள்ளிகளில் சட்டப்படி தெளிப்புக்கு 24 மணி நேரம் முன்பே பலகை வைத்து, தெளித்த பிறகும் 72 மணி நேரம் அதை எடுக்காமல் விட வேண்டும். உங்கள் இடத்தில் சட்டம் கேட்காவிட்டாலும் இதை எழுதிச் சேருங்கள். அடித்த இடம், லிட்டர் கணக்கு, காற்று, ஆள் பெயர் எல்லாம் அன்றே ஏட்டில் ஏறி கையெழுத்தாக வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை நான்கு வாரம் நிறுத்தி வைத்து, கோரையையும் அருகையும் மறுபடி பார்த்துவிட்டுக் கொடுங்கள். வினிகர் என்று சொன்ன இடத்தில் அதற்குள் அவை திரும்ப முளைத்திருக்க வேண்டும். முளைக்கவே இல்லையென்றால் மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் கிழங்கைத் தோண்டிப் பாருங்கள்.