‘தி வேவ்’ படம்: வெள்ளைச் சட்டைக்குள் காணாமல் போகிறவர்கள்

டென்னிஸ் கான்செல் இயக்கி 2008இல் வந்த ஜெர்மன் படம். ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் பாம்பன் கரையில் கட்டிக் கிடக்க, சேக்காளிகளோடு பார்த்தேன். சப்டைட்டில் படிக்கச் சோம்பல்பட்டவர்கள்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை.

கதை சின்னதுதான். ‘இனி இங்கே சர்வாதிகாரம் வரவே வராது’ என்று சொல்லும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு வாத்தியார் ஒரு வாரம் சோதனை பண்ணுகிறார். எழுந்து நின்று பேசு, சேர்ந்து காலைத் தட்டு, எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, தனியாக ஒரு வணக்கம், கூட்டத்துக்கு ஒரு பெயர். அவ்வளவுதான், வேறு கொள்கை கிடையாது.

படத்தின் உயிர் டிம் என்கிற பையன். வீட்டிலும் வெளியிலும் அவனை யாரும் மதிப்பதில்லை. சட்டை மாட்டிய பிறகு, அவனை வம்புக்கு இழுக்க வந்தவர்களை மற்ற பையன்கள் வந்து விரட்டுகிறார்கள், அப்போது அவன் முகத்தைப் பார்த்தால் அந்தக் கூட்டத்தைத் திட்டவே மனசு வராது, அப்புறம் தன் பழைய துணிகளை எரிக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பக்கென்றது. எதிர்த்து நிற்கும் காரோ என்ற பெண்ணை இன்னும் கொஞ்சம் ஆழமாக எழுதியிருக்கலாம், பல இடங்களில் காதல் சண்டையாகச் சுருங்கிவிடுகிறாள். வாத்தியாராக வரும் யூர்கன் ஃபோகெல் பிரமாதம். கைதட்டல் அவருக்கே பிடித்துப்போவது கண்ணிலேயே தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் சங்கம் வேலைநிறுத்தம் அறிவிக்கும், ஒரு படகும் இறங்காது. மீறினால் ஊர்ப்பேச்சு வேறு. ஆனால் அங்கே எதற்காக நிற்கிறோம் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இந்தப் படத்துப் பிள்ளைகளிடம் எதற்காக என்று யாருமே கேட்பதில்லை, கூட இருந்தாலே போதும் என்று இருக்கிறார்கள்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. கலிபோர்னியாவில் 1967இல் ரான் ஜோன்ஸ் என்ற ஆசிரியர் கபர்லி உயர்நிலைப் பள்ளியில் உண்மையிலேயே நடத்திய சோதனைதான் இதற்கு மூலம். அங்கே உயிர்ப்பலி எதுவும் இல்லை, மாணவர்களைக் கூட்டி வைத்து உண்மையைப் போட்டு உடைத்து அவரே முடித்துவிட்டார். அந்த வெட்கமே போதுமானதாக இருந்திருக்கும், படத்திலோ துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டார்கள். சரி, அதற்காகத் தவறவிட வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள், கடைசிக் காட்சிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.